எண்பத்து மூன்றாம் எண்ணின் டி-டைமர்

கொரோனா பரவிய நாட்களில் எங்கள் தெருவில் எல்லோர் வாயிலும் ஒரு ரத்தப் பரிசோதனையின் பெயர் புழங்கியது. உழவர்கரையில் என் வீட்டுக்கு எதிரே துணி தேய்த்துக் கொடுப்பவர்கூட முகக்கவசத்தை இறக்கிக்கொண்டு, "மேடம், எனக்கு டி-டைமர் அதிகமா இருக்குதாம். பயப்படணுமா?" என்று கேட்டார். டாக்டரிடம் உடனே காட்டும்படி சொல்லி அனுப்பினேன். உள்ளே வந்து கதவைச் சாத்தியவள், அவர் கிளம்பிப் போகிறாரா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தப் பெயர் ஊருக்குத் தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அதனிடம் பயப்படக் கற்றவள் நான்.

ஆய்வக வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. போன மாதம் கவிதா என்னைக் கூப்பிட்டுப்போய் ஆய்வகத்துக்கு வந்திருக்கும் புது இயந்திரத்தைக் காட்டினாள். என்னிடம் வேலை கற்றவள், இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிறாள். குழாயில் ரத்தம் குறைவாக இருந்தால் இயந்திரமே அதை ஒதுக்கித் தள்ளிவிடுகிறது. "இனிமே நாம தப்பு பண்ணவே முடியாது மேடம்" என்றாள். பிறகு, "மத்த ரிப்போர்ட்டுலாம் மடமடன்னு கையெழுத்து போடுவீங்க. டி-டைமர்னா மட்டும் அப்படியே உக்காந்துடுவீங்களே, ஏன் மேடம்?" என்று கேட்டாள். நின்றபடியே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. எழுதித் தருகிறேன் என்றேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடிய வருடம்தான் நான் பள்ளி இறுதி முடித்தேன். நர்ஸாகவோ டீச்சராகவோ போகச் சொன்னார்கள். மனிதர்களோடு அதிகம் பேச வேண்டியிராத வேலை என்று நினைத்து ஆய்வகப் படிப்பில் சேர்ந்தேன். முதல் வேலை ரத்த வங்கியில். எச்.ஐ.வி. உள்ளவர்களின் ரத்தக்குழாயில் அப்போது சிவப்புத் தாள் ஒட்டியிருக்கும். அந்தத் தட்டை எடுக்க ஆள் இருக்காது. புதிதாய்ச் சேர்ந்தவள் என்பதால் என் பக்கம் தள்ளுவார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வேன், ஏதோ காற்றில் பரவும் என்பது போல.

ஒருநாள் அந்தத் தட்டில் இருந்த ஊசி என் கட்டைவிரலில் குத்திவிட்டது. ஒரு மாதம் மாத்திரை, இறுதிப் பரிசோதனைக்கு மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் வீட்டில் சொல்லவில்லை. முதுகு வலி என்று சொல்லித் தரையில் தனியாகப் படுத்தேன். என் கணவர் நம்பினார். கடைசியில் ஒன்றும் இல்லை என்று வந்தது. ஒரே வீட்டுக்குள் ஒருவர் எவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்து வைக்கலாம் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

பிறகு நல்ல மாத்திரைகள் வந்தன. செத்துப்போவார்கள் என்று நினைத்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள், பிள்ளை பெற்றார்கள். வைரஸ் இருப்பதே பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கியது. ஆனால் அவர்களிலும் சிலர் திடீரென்று போனார்கள். ஒருவருக்கு மாரடைப்பு, ஒருவருக்குப் பக்கவாதம், ஒருவருக்குக் காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறியது. அது ஏன், முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா என்று பார்ப்பதற்காக எங்கள் ஆஸ்பத்திரியின் டாக்டர் அமலநாதன் ஓர் ஆய்வு தொடங்கினார். ரத்தம் எடுப்பதும் பிரித்துப் பாதுகாப்பதும் என் பொறுப்பு.

வைரஸ் அடங்கினாலும் உடம்புக்குள் ஒரு புகைச்சல் இருந்துகொண்டே இருக்கும் என்பார் டாக்டர். அதில் ரத்தக்குழாய்களின் உட்சுவர் மெல்லப் புண்படும். புண்பட்ட சுவர் சில புரதங்களை ரத்தத்தில் கசிய விடும். அங்கங்கே ரத்தம் துளித்துளியாக உறையும். உடம்பு அதைக் கரைக்கும். கரைத்த பிறகு மிஞ்சுகிற துணுக்குதான் டி-டைமர். அது கூடுதலாக இருந்தால் உள்ளே எங்கோ ரத்தம் உறைகிறது என்று சந்தேகிக்கலாம். எங்கே என்று அது சொல்லாது. என்றைக்கு என்றும் சொல்லாது. அதிகமாக இருந்து ஒன்றும் ஆகாமல் பேரன் பேத்தி எடுத்தவர்களும் எங்கள் ஆய்வில் உண்டு.

அந்த ரத்தத்தை எடுப்பதில் நிறைய கட்டுப்பாடு. வெளிர்நீல மூடிக் குழாய். அதன் அடியில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு திரவம் அளந்து வைத்திருக்கும். ரத்தம் சரியாகக் கோடு வரைக்கும் வர வேண்டும். கையில் கட்டும் ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரே குத்தில் ரத்தம் தடையில்லாமல் வர வேண்டும். குழாயைக் குலுக்கக் கூடாது, மூன்று நான்கு முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இதில் எது பிசகினாலும் ரத்தம் குழாயிலேயே லேசாக உறைய ஆரம்பித்துவிடும். இயந்திரம் அதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளும்.

டாக்டர் அமலநாதன் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பெருக்குகிறவர்களைக்கூட நீங்க என்றுதான் சொல்வார். விநோதமான எண் எதையாவது கொண்டுபோனால் பார்க்கமாட்டார். தாளை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "முதல்ல ரத்தத்தப் பத்தி சொல்லுங்க. நம்பர் எங்கயும் ஓடிப் போவாது" என்பார். யார் எடுத்தது, எந்தக் கை, எத்தனை மணி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

எண்பத்து மூன்று என்பது ஞானவேலின் எண். ஆய்வில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். நோணாங்குப்பத்தில் சுற்றுலாப் பயணிகளைக் கடற்கரைக்கு ஏற்றிப்போகும் இயந்திரப் படகை ஓட்டினார். நாற்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த, கயிறு இழுத்து இறுகிய உடம்பு. மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார், ஒரு வேளைகூடத் தவறியதில்லை. எங்கள் பட்டியலிலேயே அவரைப் போல ஆரோக்கியமானவர் இல்லை. வரும்போதெல்லாம், "வைரஸ் ஊர விட்டே ஓடிப்போச்சு மேடம், என்னைய மட்டும் ஏன் இன்னும் கூப்புடுறீங்க?" என்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பில்தான் ஆரம்பித்தது. ரத்தம் எடுக்கும்போது ஏதோ சொல்லி அவரே குலுங்கிச் சிரித்தார். ஊசி நழுவிவிட்டது. அதே கையில் இரண்டாவது முறை குத்தினேன். ரத்தம் மெதுவாகத்தான் வந்தது, கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. அந்தக் குழாயை நான் நிராகரித்திருக்க வேண்டும். வெளியே இன்னும் பலர் காத்திருந்தார்கள். பிரித்து உறைபெட்டியில் வைத்துவிட்டேன்.

ஏழு வாரம் கழித்து, சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே நாளில் இயந்திரத்தில் ஓட்டினோம். எண்பத்து மூன்று, இருக்க வேண்டிய அளவைப் போல ஏழு மடங்கு காட்டியது. மறுபடி ஓட்டினேன். அதேதான். தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

டாக்டர் தாளைக் கவிழ்த்து வைத்தார். "சொல்லுங்க தெரேஸ்."

ஊசி நழுவியதைச் சொன்னேன்.

"ரெண்டாவது குத்து வேற கைலயா?"

"இல்ல டாக்டர். அதே கை."

"ரப்பர் எவ்ளோ நேரம் இருந்துச்சு?"

"ஒரு நிமிஷத்துக்கு மேல இருக்கும்."

"கோடு வரைக்கும் ரொம்புச்சா?"

"கொஞ்சம் கொறச்சல்."

"இதெல்லாம் எழுதி வச்சீங்களா?"

எழுதவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இது அவரோட நம்பரா, உங்களோட நம்பரான்னு நமக்குத் தெரியல" என்றார்.

வேலையில் இருந்த காலமெல்லாம் தப்பு செய்துவிடக் கூடாது என்றுதான் வேண்டியிருக்கிறேன். அன்று மட்டும், தப்பு என்னுடையதாகவே இருக்கட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டேன்.

ஞானவேல் கையெழுத்திட்ட படிவத்தை எடுத்துப் பார்த்தோம். வீட்டுக்கு வர வேண்டாம், போன் வேண்டாம், கடிதம் வேண்டாம் என்று எழுதியிருந்தது. மனைவிக்குப் பரிசோதனை என்ற கட்டத்தில், செய்தாகிவிட்டது என்று டிக் போட்டிருந்தது.

"பன்னெண்டு நாள்ல மாத்திர வாங்க வருவாரு. அன்னிக்கு புதுசா எடுங்க" என்றார் டாக்டர். "அதுவரைக்கும் யாரும் தேடிப் போகக் கூடாது. நாம போய் நின்னா, இவங்க யாருன்னு ஊரு கேக்கும். அதுக்கு அவருதான் பதில் சொல்லணும்."

அவர் சொன்னது சரி. எனக்கும் தெரியும். ஆனால் முந்தைய வருடம் இதே ஆய்வில் இருந்த ஒருவர் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தபடியே சரிந்து போனார். அவருடைய ரத்தம் அப்போது உறைபெட்டியில் இருந்தது. ஓட்டிப் பார்த்தபோது எண் மிக அதிகம். அவர் போய் அப்போது மாதங்கள் ஆகியிருந்தன. பன்னிரண்டு நாள் என்று டாக்டர் சொன்னதும் அந்தப் பந்திதான் என் கண்ணில் வந்தது.

மூன்று நாள் பொறுத்தேன். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்ததும், தெரிந்தவரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நோணாங்குப்பத்துக்குப் பேருந்து ஏறினேன். சுற்றுலாக் கூட்டத்தோடு நின்று டிக்கெட் வாங்கினேன். அவருடைய படகு வரும்வரை இரண்டு படகுகளை விட்டேன்.

படகில் ஏறியவர்களுக்கு மிதவைச் சட்டையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்தார். நீட்டிய கை அப்படியே நின்றது. எப்போதும் சிரிக்கிற முகம் வெளிறிப்போனது. எதுவும் பேசாமல் எனக்கும் ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டுப் போய் எஞ்சினைக் கிளப்பினார். வழியெல்லாம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அலையாத்தி மரங்களைக் காட்டிக் குழந்தைகள் கத்திக்கொண்டு வந்தார்கள். நான் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு வந்தேன், வீங்கியிருக்கிறதா என்று.

கடற்கரையில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு அருகில் வந்தார்.

"என்னா மேடம், திரும்ப வந்துடுச்சா?"

"அது வரல. அது நல்லா அடங்கிதான் இருக்கு."

"பின்ன ஏன் இங்க வந்தீங்க? இங்க வரக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தேனே."

சொன்னேன். எங்கேயோ ரத்தம் உறைகிறதா, அல்லது நான் எடுத்த விதம் தப்பா என்று தெரியவில்லை, நாளைக்கே வந்து மறுபடி ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும் என்றேன். அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். சிரிப்பு திரும்பி வந்தது.

"உங்க தப்பாதான் மேடம் இருக்கும். நீங்களே சொல்றீங்க இல்ல? எனக்கு என்னா கொறச்சல்? சீசன் நேரம், லீவு போட முடியாது. மாத்திர வாங்க வரப்ப எடுத்துக்குங்க."

"மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ அந்த நிமிஷமே வரணும்."

"வரேன் வரேன். மொதல்ல நீங்க கெளம்புங்க."

திரும்பத் துறைக்கு வந்து இறங்கினேன். வெள்ளரியும் மாங்காயும் கீற்றுப் போட்டு விற்கும் தள்ளுவண்டியிலிருந்து ஒரு பெண் நேராக எங்களிடம் வந்தாள். ஒல்லியான, வேகமான பெண். "யாருங்க இவங்க? அந்தாண்ட நின்னு ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தீங்களாமே" என்று அவரிடம் கேட்டாள்.

அவருடைய மனைவி அஞ்சலை. அந்த ஒரு நொடியில் அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கெஞ்சல் அது.

"நம்ம பாப்பா டீச்சரோட அக்கா" என்றார்.

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். "அப்படீங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

உடனே அவள் முகம் மலர்ந்துவிட்டது. பாப்பா நன்றாகப் படிக்கிறாளா, கணக்கில் மட்டும் பின்தங்கியிருக்கிறாள் என்று டீச்சர் சொன்னார்களே என்றெல்லாம் கேட்டாள். வெள்ளரிக்காயை நான்காகக் கீறி மிளகாய்ப்பொடி தூவி என் கையில் திணித்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க நான் அதைத் தின்றேன்.

பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இவளுக்குத் தெரியாது. செய்தாகிவிட்டது என்று டிக் போட்ட அந்தக் கட்டம் பொய். அவருக்கு நோய் இருப்பதே தெரியாமல், மாத்திரையும் இல்லாமல், எத்தனை வருடம் இருவரும் குடும்பம் நடத்தியிருப்பார்கள்?

மறுநாளே டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார். போகக் கூடாது என்ற இடத்துக்குப் போனதைச் சொல்ல வேண்டிவரும். படிவத்தை மீறியதற்கு வேலையே போகலாம். ஒருவேளை அவளுக்குத் தெரிந்திருக்கும், ஆஸ்பத்திரி ஆள் நான் என்பதுதான் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் ஞானவேல் வந்தார். அன்று அவரைப் பேசவே விடவில்லை. மற்றக் கையில் ஒரே குத்து, முப்பது விநாடியில் ரப்பரை அவிழ்த்தேன், ரத்தம் கோட்டில் வந்து நின்றது. உறைபெட்டிக்கு அனுப்பாமல் அப்போதே ஓட்டினேன். எண் முன்னைவிடச் சற்று அதிகம்.

தப்பு என்னுடையது இல்லை. கழிவறைக்குள் போய் அழுதேன்.

டாக்டர் கால் ரத்தக்குழாய்களை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இதயம், நெஞ்சு எல்லாம் பார்த்தார்கள். எங்கேயும் ஒன்றும் இல்லை. எண்ணை மட்டும் வைத்து ரத்தத்தை இளக்கும் மருந்து கொடுக்க முடியாது, அதனால் வேறு இடத்தில் ரத்தம் கசியலாம் என்றார். ஞானவேலை உட்காரவைத்து ஒளிக்காமல் பேசினார்.

"உங்க ரத்தம் ஏதோ எச்சரிக்கை குடுக்குது. எதப் பத்தின்னு எனக்குத் தெரியல. பீடிய இன்னையோட விடணும். தண்ணி நெறைய குடிக்கணும். ஒரே எடத்துல உக்காந்தே இருக்கக் கூடாது."

பிறகு ஒரு சின்னத் தாளில் மூன்று அறிகுறிகளைத் தமிழில் தம் கையாலேயே எழுதினார். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால். முகமோ கையோ ஒரு பக்கம் இழுத்தால். உடனே ஆஸ்பத்திரி. நோயின் பெயர் அதில் இல்லை.

ஞானவேல் அந்த ஒரு முறை சிரிக்கவில்லை. "எப்ப வரும்னு தெரியாத ஒண்ணுக்கு நான் எப்படி டாக்டர் பயப்படுறது?" என்று கேட்டார். டாக்டர் அந்தத் தாளை அவர் கையில் வைத்து, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைக்கச் சொன்னார்.

ஐந்து மாதம் போனது. ஒவ்வொரு மாதமும் அவர் வரும் நாளில் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் தலையைக் கண்ட பிறகுதான் மற்ற வேலை ஓடும். அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அஞ்சலையின் முகமும் வரும். ஒருநாள் அவரைத் தனியாக நிறுத்தி, "வூட்ல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். "சொல்றேன் மேடம்" என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார்.

ஒரு மதியம் அவசரப் பிரிவிலிருந்து ஒரு நீல மூடிக் குழாய் வந்தது. எண் இல்லை, பெயர். ஞானவேல், நோணாங்குப்பம், மூச்சுத் திணறல். இயந்திரத்தில் வைத்தேன். இயந்திரம் அளக்கக்கூடிய எல்லையையே தாண்டிவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு நானே போனேன்.

ஆக்சிஜன் முகமூடிக்குள் அவர் கண் மட்டும் தெரிந்தது. இளம் டாக்டர் ஒருவர் அஞ்சலையைக் கேட்டுக்கொண்டிருந்தார், "வேற ஏதாவது மாத்திர சாப்புடுறாரா?"

"பிரஷருக்கு ஒண்ணு போடுவாருங்க, தெனமும் ராத்திரில. வேற ஒண்ணும் கெடையாது."

அது பிரஷர் மாத்திரை இல்லை. ரத்தத்தை இளக்கும் மருந்துகளில் சில அந்த மாத்திரையோடு ஒத்துப்போகாது. அந்த இளம் டாக்டரைத் தூணுக்கு அந்தப் பக்கம் அழைத்துப்போய் காதில் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு ஓடினார். திரும்பினால் அஞ்சலை நிற்கிறாள். அவள் கையில் வியர்வையில் நைந்துபோன அந்தச் சின்னத் தாள்.

"படகுல கயிறு கட்டினு இருந்தவரு நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தாரு" என்றாள். "கொஞ்ச நேரத்துல சரியாப் போவும்னாரு. நான் கேக்கல. இதுல ரெண்டாவதா எழுதியிருக்குதே. ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கினு வந்துட்டேன்." அப்போதுதான் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். "நீங்க பாப்பா டீச்சரோட அக்கா தானே?"

நான் ஓர் அடி பின்வாங்கினேன்.

"இங்க என்னா பண்றீங்க? அந்த டாக்டர் காதுல என்னா சொன்னீங்க?"

"அஞ்சலை, அவரு சொல்லுவாரும்மா. அவரு கண்ண தொறக்கட்டும்."

"அவருக்கு என்னா?" என்று அவள் கத்தியதில் பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சொல்ல உரிமை இல்லை. சொல்லாமல் நிற்கவும் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டேன்.

ஸ்கேனில் நுரையீரலின் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக் கட்டி தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்றார்கள். மூன்றாம் நாள் அவருக்குப் பேச்சு வந்தது. எச்.ஐ.வி. பிரிவின் ஆலோசகரும் டாக்டர் அமலநாதனும் பக்கத்தில் இருக்க, அவரே அஞ்சலையிடம் சொன்னார். நான் அங்கே இல்லை. அவள் அழவில்லை, எதுவும் கேட்கவில்லை, எழுந்து வெளியே வந்துவிட்டாள் என்று ஆலோசகர் சொன்னார்.

வெளியே வந்தவள் நேராக ஆய்வகத்துக்கு வந்தாள். "எனக்கு எடுக்கணுமாம். நீங்களே எடுங்க" என்று கையை நீட்டினாள்.

ஊசியை ஏற்றினேன். அவள் அசையாமல் இருந்தாள். துளியைப் பரிசோதனைப் பட்டையில் விட்டேன். முதல் கோடு, சோதனை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு. அது எல்லோருக்கும் விழும். இரண்டாவது கோடு விழுந்தால் நோய். பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும்.

"பாப்பா வயித்துல இருக்கும்போது எடுத்தாங்க. ஒண்ணும் இல்லன்னாங்க" என்றாள். அந்தப் பரிசோதனையைத்தான் ஞானவேல் செய்தாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். பாப்பாவுக்கு ஏழு வயது. அவர் மாத்திரை ஆரம்பித்து மூன்று வருடம். நடுவில் நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தை நான் மனதுக்குள் திரும்பத் திரும்பக் கழித்துக்கொண்டிருந்தேன், வேறு ஏதாவது விடை வராதா என்று.

முதல் கோடு சிவந்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். இரண்டாவது கோடு விழ வேண்டிய இடத்தில் நிழல் போல் ஏதோ தெரிவதாக ஒரு கணம் தோன்றியது. பட்டையை வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்றும் இல்லை. பதினைந்து. இருபது வரைக்கும் பார்த்தேன்.

"உனக்கு இல்லம்மா" என்றேன்.

அப்போதும் அவள் அழவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு அவரு ரத்தத்துல ஏதோ கூடிப் போச்சுன்னு பஸ் ஏறி வந்தீங்க. படகுல ஏறினீங்க. அவ்ளோ பயம் உங்களுக்கு. நான் எதிர்ல நின்னேன். வெள்ளரிக்கா குடுத்தேன். என் ரத்தத்தப் பத்தி உங்களுக்குப் பயமே வரலியா மேடம்?"

வந்தது. அதை வெளியே சொன்னால் என் வேலை போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை வர வேண்டும் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

அன்று மாலையே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படகில் போனது, பொய் சொன்னது, ஐந்து மாதம் வாயை மூடியிருந்தது. குறுக்கே பேசாமல் கேட்டார். எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். விசாரணை நடந்தது, எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அந்த ஆய்விலிருந்து என்னை எடுத்தார்கள். கடிதத்தை என்னிடம் தரும்போது டாக்டர் ஞானவேலின் படிவத்தையும் மேஜைமேல் வைத்தார். "அந்தக் கட்டத்துல டிக் போட்டது என் கைதான் தெரேஸ்" என்றார். "அவரு சொன்னாரு, நான் போட்டேன். எப்ப எடுத்தாங்கன்னு கேக்கல. நீங்க எடுக்குற ரத்தத்தப் பத்தி இத்தன கேள்வி கேக்குறவன் அத கேக்கல." அந்த வாரமே ஆய்வில் இருந்த ஒவ்வொருவருடைய படிவத்தையும் எடுத்து, துணைக்கு உண்மையில் எப்போது பரிசோதனை நடந்தது என்று அவர்களையே நேரில் உட்காரவைத்துக் கேட்க ஆரம்பித்தார்.

ஞானவேல் பிழைத்துக்கொண்டார். சில மாதம் துறையில் டிக்கெட் கிழித்தார். பிறகு படகுக்கே திரும்பினார். அஞ்சலை பெண்ணைக் கூட்டிக்கொண்டு அரியாங்குப்பத்தில் அக்கா வீட்டுக்குப் போனவள், இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பினாள். ஏன் திரும்பினாள் என்று நான் கேட்கவில்லை. அதன் பிறகு மாத்திரை வாங்க இருவரும் சேர்ந்தே வந்தார்கள். சேர்ந்து வருவார்கள், இரண்டு நாற்காலி தள்ளி உட்காருவார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு அது ஒரு நாற்காலி ஆனது.

மூன்று மாதம் கழித்து அஞ்சலைக்கு இன்னொரு முறை பார்த்தோம். இல்லை என்றே வந்தது. அவருக்கு வைரஸ் அடங்கியிருக்கும்வரை அவர் மூலம் உங்களுக்கு வராது, இனி வருத்திக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்தாள். வேறு யார் எடுப்பதற்கும் கையை நீட்டமாட்டாள். நான் ஓய்வு பெறும்வரை அவளுக்கு நான்தான் எடுத்தேன்.

சோதனைப் பட்டையை அவள் பார்க்கவே மாட்டாள். அந்தப் பதினைந்து நிமிடமும் என் முகத்தைத்தான் பார்ப்பாள். கண்ணெடுக்காமல் பார்ப்பாள். இல்லை என்று நான் சொன்னதும், "நெசமாவா?" என்று கேட்பாள்.

ஒரு தடவை அவளிடம் பொய் சொன்னவள் நான். அதனால் வாயால் பதில் சொல்லமாட்டேன். பட்டையை அவள் பக்கம் திருப்பி வைப்பேன். அவள் குனிந்து, விரலை அதன்மேல் படாமல் நீட்டி, ஒன்று என்று எண்ணுவாள். சற்றுப் பொறுத்து மறுபடியும் எண்ணுவாள்.